சாம்பாரில் விழுந்த பந்து

மாரப்பண்ணன் வீட்டில் வாழை இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணி இருக்கும். சிங்காநல்லூரில் ஒரு சந்துக்குள் இருந்த ஓட்டு வீடு அது. இலையில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அண்ணனின் மனைவி தங்கமணியக்கா சாம்பார்ச் சட்டியோடு வந்து, என் இலைக்கு மேலே கரண்டியை நிறுத்தினார்.

ஊற்றவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

மாரப்பண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "தைரியமா ஊத்திக்குங்க தம்பி. இதுல பந்து கெடையாது" என்றார்.

பக்கத்தில் இருந்த என் மனைவி சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பதா, எழுந்து ஓடுவதா என்று தெரியவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. சாம்பார் இலையில் விழுந்தது. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் போட்ட சாம்பார். அந்த வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

அன்று அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் வந்திருந்தால், எங்கள் மில்லின் கால்பந்து டீம் அந்த வாரத்தோடு ஊற்றி மூடப்பட்டிருக்கும். நான் அளந்து விடுகிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பத்துப் பேர் டீம்

போன வாரம் இந்தத் தொடரில், நான் வாங்கிய சிவப்பு அட்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சரசு, "நம்ம மருமவன் படிக்கறாருங்க, இத்தனை எழுதோணுமா" என்று கேட்டாள். மருமகனுக்கும் தெரியட்டும். மாமனாரிடம் ஜாக்கிரதையாக இருப்பார்.

போன வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சென்னியப்பன். பெருந்துறைப் பக்கத்து ஊர்க்காரன். பந்து நன்றாக ஆடுவேன் என்ற ஒரே தகுதிக்காகக் கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் வேலை கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கார்டிங் பிரிவில், பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷினில் வேலை. சாயங்காலம் மைதானத்தில் டிஃபென்ஸ்.

ஆட்டம் எனக்குக் கைவந்தது. கோபம் அதைவிட நன்றாகக் கைவந்தது. நான்கு வருஷத்தில் ஏழு சிவப்பு அட்டை. ஒரு முறை ரெஃப்ரி எழுதிய அறிக்கையில், 'மிகவும் மரியாதையாகத் திட்டினார்' என்று இருந்ததாம். எங்கள் பக்கத்தில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அதற்காகத் தண்டனையை ஒன்றும் குறைக்கவில்லை.

ஏன் அவ்வளவு கோபம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதிலேயே அப்படித்தான். எங்கள் வீட்டில் ஒரு காங்கேயம் காளை இருந்தது. அதையும் என்னையும் பார்த்து அப்பா, "அதுக்காவது மூக்கணாங்கயிறு இருக்குது" என்பார். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் போதும், என்னைத்தான் கேலி செய்கிறான் என்று தோன்றும். பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்தது, அதுதான் வினை.

எங்கள் டீமுக்கு மில்லுக்குள் ஒரு பட்டப்பெயர் விழுந்துவிட்டது. பத்துப் பேர் டீம். பாதி ஆட்டம் வரை பதினோரு பேர், அப்புறம் சென்னியப்பன் வெளியே போய்விடுவான், மிச்சம் பத்து. கேன்டீனில் நான் டீ வாங்க நின்றால், "பத்து டீ போடுங்க" என்று யாராவது பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள்.

அண்டா

சாம்பார்க் கதைக்கு வருகிறேன்.

ஒரு மத்தியானம் கேன்டீன் வாசலில் சாப்பாட்டு வரிசை நின்றது. நான் பக்கத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். வரிசையிலிருந்து ஒருவன், "பந்து வெளிய போறதுக்குள்ள இவன் வெளிய போயிருவான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சுவரைப் பார்த்து ஓங்கி ஓர் உதை விட்டேன். பந்து சுவரில் பட்டு, ஜன்னல் கம்பியில் பட்டு, திறந்து வைத்திருந்த சாம்பார் அண்டாவுக்குள் போய் விழுந்தது. வேண்டும் என்று குறி பார்த்து அடித்திருந்தால்கூட அப்படி விழுந்திருக்காது.

ஒரு ஷிப்ட் ஆட்கள் முழுக்க அன்று ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் சோறு தின்றார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றவர் மாரப்பண்ணன். அவரும் கார்டிங் பிரிவுதான், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அன்று சாயங்காலம் அவருடைய மகளைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. ஷிப்ட் முடிந்து நேரே வீட்டுக்குப் போக வேண்டும் என்று புது வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அந்தச் சட்டை கழுத்திலிருந்து வயிறு வரை மஞ்சளாகிவிட்டது.

நல்ல மனுஷனாக இருந்தால் நான் ஓடிப்போய்த் துடைத்துவிட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்டாக்குப் பக்கத்துல உங்கள ஆருங்க நிக்கச் சொன்னது?"

மாரப்பண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஷிப்டில் விழும் வாரங்களில் மெஷினுக்கு மெஷின் எதிரெதிரே நின்றும், ஒரு வார்த்தை இல்லை.

ஸ்டீபன் கைகாட்டினான்

எங்கள் கோல்கீப்பர் ஸ்டீபன்தான் அதுவரை கேப்டன். போத்தனூர்க்காரன், சர்ச் மைதானத்தில் ஆடி வளர்ந்தவன், என் வயதுதான். என்னுடைய ஏழாவது சிவப்பு அட்டைக்குப் பிறகு, கையில் கட்டியிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றி லேபர் ஆபீசரின் மேஜைமேல் வைத்துவிட்டான்.

லேபர் ஆபீசர்தான் டீமுக்கும் பொறுப்பு. நெட்டையான மனிதர். வீட்டில் தெலுங்கு பேசுவார், மில்லில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் இங்கிலீஷ் பேசுவார். வேறு யாரைப் போடலாம் என்று அவர் கேட்டபோது ஸ்டீபன் என்னைக் கைகாட்டினான்.

"இவனுக்கே குடுங்க சார். தான் வெளிய போனா டீமு கேப்டன் இல்லாம நிக்கும்னு ஒரு பயமாச்சும் இருக்கட்டும்."

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. பட்டையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டேன்.

ஸ்டீபன் அதைப் பழிவாங்கச் சொன்னானா, என்மேல் அக்கறையில் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் மகள் கல்யாணத்தில் நேரிலேயே கேட்டேன். "பிரியாணி ஆறுது, சாப்பிடு" என்றான்.

வீம்புக்கு வாங்கிய பட்டை என்னைப் பிடித்துக்கொண்டது. கேப்டன் வேலை மைதானத்தில் கால்வாசிதான், மிச்சமெல்லாம் மில்லுக்குள்தான் என்று ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. மில் சங்கு காலை ஏழுக்கு ஊதும், பகல் மூன்றரைக்கு ஊதும், நள்ளிரவுக்கு ஊதும். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மூன்று ஷிப்ட். ஆட்டம் சாயங்காலம் நாலேகாலுக்கு. மூன்றரைக்கு அரை நைட் ஏறுகிறவன் ஆட வரமுடியாது. ஷிப்ட் வாரா வாரம் மாறும். யார் எந்த வாரம் எதில் இருக்கிறான் என்று தெரியாமல் டீமை இறக்கினால், எட்டுப் பேர்தான் வந்து நிற்பார்கள். அந்த சீசனில் ஏற்கெனவே ஒரு முறை எட்டுப் பேரோடும், ஒரு முறை ஒன்பது பேரோடும் ஆடிக் கேவலப்பட்டிருந்தோம்.

ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொருவனுடைய ஷிப்ட், பூட்ஸ் அளவு, எந்தக் காலில் அடி, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாவற்றையும் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நோட்டைக்கூட முழுசாக எழுதி முடிக்காதவன் நான். சரசு, "பரிச்சைக்குப் படிக்கறீங்களாக்கும்" என்று கேலி செய்வாள். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. காலை எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அந்த நோட்டைத்தான் எடுப்பேன்.

நோட்டீஸ் ஒட்டினேன்

இப்படி இருக்கும்போது லேபர் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். லீக் விதிப்படி ஏழு பேர் இருந்தாலே ஆட்டம் நடக்கும். எங்கள் ஆபீசரின் விதி வேறு.

"புதன்கிழமை மேட்சுக்கு நானே வந்து எண்ணுவேன். பதினொண்ணு இருந்தா டீம் இருக்கும். பத்துன்னா ஜெர்சியெல்லாம் தொவைச்சு ஸ்டோர்ல குடுத்துருங்க."

எனக்கு ஜெர்சியைப் பற்றிக் கவலையில்லை. டீமில் நான்கு பேர் பதிலி ஆட்கள். நிரந்தரமாக வேலைக்கு எடுக்கப்படாதவர்கள். பந்து ஆடுவதால்தான் அவர்களுக்குத் தினமும் வேலை கிடைத்தது. டீம் போனால் அவர்களும் போக வேண்டியதுதான். அதில் ஒருவனுக்கு முந்தின மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. அதுவும் என் நோட்டில் இருந்தது.

நோட்டைப் பிரித்தேன். மொத்தம் பதிமூன்று பேர். ஒருவனுக்கு மஞ்சள் காமாலை, ஒருவன் மாலை போட்டு மலைக்குப் போயிருந்தான். சரியாகப் பதினொன்று. அதில் ஆறு பேருக்கு அந்த வாரம் அரை நைட். என்னையும் சேர்த்துத்தான் ஆறு.

ஒரு வழி இருந்தது. பகல் ஷிப்டில் இருக்கும் ஆறு பேர் அந்த ஒரு நாள் மட்டும் எங்களோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டால் போதும். நாங்கள் பகல் வேலையை முடித்துவிட்டு மைதானத்துக்கு ஓடுவோம், அவர்கள் எங்கள் மெஷின்களில் அரை நைட் நிற்பார்கள். மாற்றுச் சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமையே கேன்டீன் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். 'புதன் அன்று ஷிப்ட் மாற்றித் தர விருப்பம் உள்ளவர்கள் கேப்டன் சென்னியப்பனிடம் பெயர் கொடுக்கவும்.'

வெள்ளி போயிற்று, சனி போயிற்று, ஒரு பெயர் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், நோட்டீஸின் கீழே யாரோ ஓர் அண்டாவும் அதற்குள் ஒரு பந்தும் வரைந்திருந்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தான், பாவி.

வீட்டுக்கு வந்து சரசுவிடம் குதித்தேன். மில்லில் ஒருத்தனுக்கும் ஈரம் இல்லை, எல்லோரும் சேர்ந்து என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று கத்தினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, நம்ம கல்யாணத்துக்கு செவுத்துல நோட்டீஸ் ஒட்டியா ஒறமொறயக் கூப்பிட்டீங்க?"

கத்துவதை விட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காரியம் என்றால் வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகப் போக வேண்டும். கூடப் பிறந்தவனாக இருந்தாலும், நேரில் கூப்பிடாவிட்டால் வரமாட்டான். வராதது மட்டுமில்லை, அதைப் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவான். இது தெரியாதவனா நான்? ஆனால் மில் வேலைக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

ஐந்து டம்ளர் காபி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, சரசுவைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எதற்கு என்றேன். கூப்பிடப் போகிறோம் இல்லையா என்றாள்.

முதல் வீடு ஒண்டிப்புதூரில். அந்த வீட்டு ஆளின் புதுச் சைக்கிளை நான் ஒரு முறை கோபத்தில் எட்டி உதைத்திருக்கிறேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் முதலில் சைக்கிளைத்தான் பார்த்தார். பிறகு சரசுவைப் பார்த்தார். உடனே "வாங்க அம்மணி, வாங்க" என்று குரல் மாறிவிட்டது. உட்கார்ந்தோம். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார்கள். சரசு தாராபுரத்துப் பக்கம் என்றதும், அந்த வீட்டம்மாளின் சித்தி அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தது. பத்தே நிமிஷத்தில் நாங்கள் தூரத்து உறவு ஆகிவிட்டோம். காபி வந்தது. குடித்தோம். கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது வீட்டில் காபி. மூன்றாவது வீட்டில் காபியும் முறுக்கும். நான்காவது வீட்டில் சர்க்கரை இல்லாமல் கருப்பட்டி போட்ட காபி. ஐந்தாவது வீட்டில் எனக்கு வயிறு கடமுடா என்று உருள ஆரம்பித்தது. ஆனால் ஐந்து சீட்டிலும் கையெழுத்து விழுந்துவிட்டது. தலைகால் புரியவில்லை. உலகத்தில் இவ்வளவு நல்லவர்களும் நான் போகும் வழியில்தான் இருந்தார்களா என்று நினைத்தேன்.

மிச்சம் ஒரே ஒரு சீட்டு. அது என்னுடையது. என் மெஷினில் நிற்கத் தெரிந்தவர்களில் அந்த வாரம் பகல் ஷிப்டில் இருந்தவர் ஒரே ஒருவர். மாரப்பண்ணன்.

பதினொன்றரை மணிக்கு அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணன் எழுந்து நின்று, "வாங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. தங்கமணியக்கா இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தார்.

எனக்கு அந்த வாசனையே குமட்டியது. "வேண்டாங்கக்கா, இப்பத்தான் குடிச்சமுங்க, நேரமாயிருச்சு" என்று சொல்லிவிட்டு, சீட்டை எடுத்துப் பெஞ்சின் மேல் விரித்தேன்.

மாரப்பண்ணன் சீட்டைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தார். "உள்ள கொண்டு போயிரு" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, யோசித்துச் சொல்வதாக மரியாதையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் முடியாது என்று அர்த்தம்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஒரு காபிக்காகவா இத்தனை ரோஷம் என்று முணுமுணுத்தேன். சரசு சைக்கிளில் ஏறவில்லை.

"அவரு திங்கற சோத்துல மண்ணப் போட்டீங்க. இப்ப அவரு ஊட்டுல பச்சத் தண்ணி வாயில வெக்காம ஒரு காரியத்தக் கேக்கறீங்க. ஆரு செய்வாங்க?"

நான் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டேன்.

"திரும்பிப் போய்ச் சோறு கேளுங்க" என்றாள்.

சந்து முனையில் புளியமரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் கால் மணி நேரம் நின்றிருப்பேன். ஏழு முறை சிவப்பு அட்டை காட்டி வெளியே போகச் சொன்னபோதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்ததில்லை. அந்த வாசலுக்குத் திரும்ப நடந்தபோது இருந்தது.

"அக்கா, பசிக்குதுங்க. சோறு போடுங்க" என்றேன்.

தங்கமணியக்கா அரிசியைக் கூடக் கொஞ்சம் அள்ளிப் போட உள்ளே போனார். மாரப்பண்ணன் தானே பாயை எடுத்து விரித்தார்.

திரும்பவும் அந்த இலை

அப்படித்தான் அந்த இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். சாம்பாரை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். வயிற்றில் ஐந்து காபி இருந்தும் எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல் எங்கள் வாயில் சுலபத்தில் வராது. அதனால் மகளைப் பற்றி விசாரித்தேன்.

அன்று அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். சட்டை தொளதொளவென்று முழங்காலைத் தொட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லையாம். பெண் பிடித்துப்போய் முடித்துவிட்டார்கள். இப்போது பேரன் பிறந்து நடக்கிறானாம். இதையெல்லாம் தங்கமணியக்காதான் சொன்னார். அண்ணன் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்தச் சாம்பார்ச் சட்டையிலதான் இப்ப அடுப்புத் தொடைக்கறோம்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது எனக்கே அதிசயமாக இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து அண்ணன் சீட்டைக் கேட்டு வாங்கினார். பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார்.

"நா உங்க மெசின்ல எட்டு மணி நேரம் நிக்கறனுங்க தம்பி. நீங்க அங்க ஒன்றரை மணி நேரம் நிக்கோணும். பாதியில வெளிய வந்துபோட்டீங்கன்னு காதுல உழுந்துது, அப்பறம் இந்த ஊட்டுல சோறு கெடையாது."

கையெழுத்துப் போட்டார். 'க. மாரப்பன்' என்று ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி.

எத்தனாவது நிமிஷம்

புதன்கிழமை மூன்றரைச் சங்கு ஊதியதும், பஞ்சுத் தலையோடு சைக்கிள்களில் பறந்தோம். போத்தனூர்ப் பக்கத்து மைதானம். எதிரே ஒரு கல்லூரி அணி. லேபர் ஆபீசர் ஸ்கூட்டரில் வந்து, கோட்டுக்கு வெளியே நின்று விரலை நீட்டி எண்ணினார். பதினொன்று. இன்னொரு முறை எண்ணினார். அப்போதும் பதினொன்றுதான். டீம் பிழைத்தது. ஆபீசரின் கணக்கு அதோடு முடிந்தது. மாரப்பண்ணனுக்கு நான் கொடுத்த வாக்கு அப்போதுதான் தொடங்கியது.

அவர்கள் அணியில் சுருட்டை முடிக்காரன் ஒருவன், வலது ஓரத்தில் ஆடுகிறவன். என் வரலாறு அவனுக்கு அத்துப்படி. முதல் பந்து வருவதற்கு முன்னாலேயே பக்கத்தில் வந்து கேட்டான்.

"ஏனுங்ணா, இன்னைக்கு எத்தனாவது நிமிசத்துல போறீங்க?"

ரத்தம் தலைக்கு ஏறியது. ஏறி அங்கேயே நின்றது. அவன் விடவில்லை. கால் எலும்பில் ஒரு உதை விட்டான், ரெஃப்ரி என்மேல் ஃபவுல் ஊதினார். ஜெர்சியைப் பிடித்து இழுத்தான், அதை யாருமே பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும், "நேரமாகுதுங்ணா" என்றான்.

கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன், ஆபீசர் அறையில் லீவு கேட்டு நிற்பதுபோல. அந்நேரம் என் மெஷினுக்கு முன்னால் மாரப்பண்ணன் நிற்பார். பஞ்சுத் தும்பு பறக்கும், கண் எரியும், உட்கார முடியாது. அதை நினைத்தேன். நான் வெளியே போனால் அவர் அங்கே நிற்பதற்கு அர்த்தமே இல்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது. முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, ரெஃப்ரி எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார். பந்து எங்கள் ஆள் கையில் படவே இல்லை, சத்தியமாகப் படவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் நடுவில் புகுந்து ஒவ்வொருவனையும் பின்னால் தள்ளினேன். ரெஃப்ரி என்னைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கினார். அவர் கை தானாக, அட்டை இருந்த சட்டைப் பைக்குப் போயிற்று.

"சார், கையில படலீங்க சார். ஒருக்கா யோசிச்சுப் பாருங்க" என்றேன், கைகளைத் திரும்பவும் பின்னால் கட்டிக்கொண்டு.

அவர் என் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பார்த்தார். யோசித்தார். பெனால்டிதான் என்றார். சரிங்க என்று திரும்பி வந்தேன். ஸ்டீபன் சரியான பக்கம்தான் பாய்ந்தான். விரல் நுனியில் பட்டு உள்ளே போய்விட்டது. இரண்டுக்கு ஒன்று. அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

கடைசி விசில் ஊதியபோது நான் மைதானத்துக்கு உள்ளே இருந்தேன். எவனாவது இப்படிச் சீண்டிய ஆட்டத்தில் அதற்கு முன்னால் எப்போது அப்படி இருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. சுருட்டை முடிக்காரன் வந்து கை கொடுத்தான். "ஏமாத்திப்போட்டீங்களேங்ணா" என்றான், நிஜமான வருத்தத்தோடு. ஸ்டீபன் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே என் முதுகில் ஒரு குத்து விட்டான்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான்தான் கேப்டன். அந்த நான்கு பதிலி ஆட்களும் நிரந்தரமானார்கள். ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் சரசுவும் நானும் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டுவிட்டு வருவோம். காபியை மட்டும் பாதி டம்ளராகக் கேட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன். மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறேன், இல்லையென்று சொல்லமாட்டேன். சிவப்பு அட்டைக்கு எட்டாவது எண் வரவே இல்லை.

கேன்டீன் பெஞ்ச்

அன்று மற்றவர்கள் மைதானத்திலிருந்தே வீட்டுக்குப் போனார்கள். நான் சேறு காய்ந்த ஜெர்சியோடு மில்லுக்குச் சைக்கிளை விட்டேன். அரை நைட் ஆட்களுக்கு ஏழரை மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. வாட்ச்மேன் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, யாரை அடித்துவிட்டு வருகிறாய் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். நம்பாமல்தான் கேட்டைத் திறந்தார்.

கேன்டீன் பெஞ்சில் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புருவத்தில், மீசையில், காது மடலில் எல்லாம் பஞ்சு. சோறு கொண்டுவந்த தூக்குப்போசிகளைத் திறந்து வைத்திருந்தார்கள். வழியெல்லாம் அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தேன்.

மாரப்பண்ணன் ஜெயித்தோமா, தோற்றோமா என்று கேட்கவில்லை.

"எத்தன பேராத் தம்பி முடிச்சீங்க?"

"பதினொண்ணுங்ணா."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த ஐந்து பேர் பக்கம் திரும்பி, "பதினொண்ணாமாப்பா" என்றார். அவர்கள் நம்பவில்லை. ஒண்டிப்புதூர்ச் சைக்கிள்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாரப்பண்ணனிடமே கேட்டார்.

"இவுரையுஞ் சேத்தியா?"

மாரப்பண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டார்.

"இவுரையுஞ் சேத்தித்தான்" என்றார்.